கீட்டோன் பொடி குடித்தால் கொழுப்பு கரைகிறது என்று பொருளா?

கேள்வி:
ஐந்து வாரங்களாக மாவுச்சத்தை வெகுவாகக் குறைத்து உண்டு வருகிறேன். முதல் பத்து நாட்களில் மூன்று கிலோ குறைந்த எடை, அதன்பின் அசையவில்லை. ஆகவே கீட்டோன் உப்புப் பொடி ஒன்றை வாங்கிக் காலையில் நீரில் கரைத்துக் குடிக்கத் தொடங்கினேன். குடிப்பதற்கு முன் லிட்டருக்கு 0.3 மில்லிமோலாக இருக்கும் இரத்தக் கீட்டோன் அளவு, ஒரு மணி நேரத்தில் 0.9 ஆக உயர்வதைக் கருவியில் காண்கிறேன். கொழுப்பு எரியத் தொடங்கிவிட்டது என்று கொள்ளலாமா? எனக்கு இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் உண்டு. இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறேன்.

பதில் 1:
கருவி பொய் சொல்லவில்லை. ஆனால் அது காட்டுவது பெரும்பாலும் நீங்கள் குடித்த கீட்டோனைத்தான். மாவுச்சத்து குறையும்போது இன்சுலின் தாழ்கிறது. கொழுப்புத் திசுவிலிருந்து வெளிவரும் கொழுப்பு அமிலங்களைக் கல்லீரல் கீட்டோன்கள் என்னும் எரிபொருளாக மாற்றுகிறது. அங்கே கீட்டோன் என்பது கொழுப்பு கரைந்ததன் விளைவு. பொடியோ ஆயத்தமான எரிபொருள், அதிலும் கலோரி உண்டு. அது மட்டுமல்ல, இரத்தத்தில் கீட்டோன் ஏறினால் கொழுப்புத் திசு தன் இருப்பை வெளிவிடுவதைக் குறைத்துக்கொள்கிறது. வெளியிலிருந்து புகையைக் கொண்டுவந்து ஊதிவிட்டு, அடுப்பு எரிகிறது என்று மகிழ்வது போன்றது இது.

முதலில் குறைந்த மூன்று கிலோவிலும் பெரும்பங்கு நீராக இருக்கலாம்: உடலில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் (சர்க்கரையின் சேமிப்பு வடிவம்) ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. இரத்த அழுத்தம் இருப்பதால், பொடியின் சோடியம் அளவையும் பாருங்கள். கீட்டோன் உப்புகள் பலவற்றில் அது கணிசமானது.

பதில் 2:
பொடியைப் பற்றிச் சொன்னது சரி. அதற்காக உணவுமுறையையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. வலிப்பு நோய்க்குக் கீட்டோஜெனிக் உணவு, அதாவது மாவுச்சத்தை மிகக் குறைத்துக் கொழுப்பைக் கூட்டிய உணவு, 1921 முதல் மருத்துவத்தில் உள்ளது. இரத்தச் சர்க்கரையும் டிரைகிளிசரைடு என்னும் இரத்தக் கொழுப்பும் குறைவது பலரிடம் காணப்படுவது, சிலருக்கு எல்.டி.எல். எனும் கெட்ட கொழுப்பு கடுமையாக ஏறிவிடுவதும் உண்மை, எனவே இரத்தப் பரிசோதனை அவசியம். எடையைப் பொறுத்தவரை, 2018இல் வெளியான, 609 பேர் பங்கேற்ற ஓராண்டு ஆய்வில், குறைந்த கொழுப்பு உணவுக்கும் குறைந்த மாவுச்சத்து உணவுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சர்க்கரைக்கு எந்த மாத்திரை எடுக்கிறீர்கள் என்று கூற முடியுமா?

கேள்வி கேட்டவர்:
மெட்ஃபார்மினும் டபாகிளிஃப்ளோசினும்.

பதில் 3:
அப்படியானால் எடையைப் பற்றிய பேச்சைச் சற்று ஒதுக்கி வைப்போம். டபாகிளிஃப்ளோசின் வகை மருந்துகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. மாவுச்சத்து மிகக் குறைந்த உணவுடன் அவை சேரும்போது கீட்டோஅசிடோசிஸ், அதாவது கீட்டோன்கள் அளவுமீறிச் சேர்ந்து இரத்தம் அமிலத்தன்மை அடையும் ஆபத்தான நிலை, ஏற்படும் அபாயம் கூடுகிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2015இலேயே இவ்வகை மருந்துகள் குறித்து எச்சரித்தது. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலே இது வரக்கூடும் என்பதால், குளுக்கோஸ் கருவியில் நல்ல எண்ணைப் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது. நீங்கள் பொடியும் குடிப்பதால், கீட்டோன் எண் ஏறினாலும் அது பொடியாலா, உடலின் கோளாறாலா என்று பிரித்தறிவது கடினமாகிவிடும். எனக்கு அந்தப் பொடியிடம் இருக்கும் முதன்மையான குறையே இதுதான்.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், பொடியை மட்டும் நிறுத்திவிட்டு, இன்றே மருத்துவரிடம் உணவுமுறை மாற்றத்தைத் தெரிவியுங்கள். குமட்டல், வாந்தி, வயிற்றுவலி, மூச்சுவாங்கல், வழக்கத்துக்கு மாறான சோர்வு ஆகியவற்றுள் எது வந்தாலும் உடனே அவசர சிகிச்சைக்குச் சென்று, இந்த மருந்தின் பெயரை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.