பழைய வண்டியை வாங்கி ஓட விட்டவர்கள், மனத்தை விட்டு அகலாத ஒரு சம்பவத்தை எழுதுங்கள்

பள்ளத்தூர்வாசி:

கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில் நின்றது, 1986ஆம் ஆண்டு புல்லட் 350. பதினொரு வருடமாக யாரும் கிக்கரைத் தொடவில்லை. பேரத்தை விடுகிறேன், 65,000 ரூபாய்க்கு முடிந்தது. ஆர்சி புத்தகம் (வண்டியின் பதிவுச் சான்று) காலமான செட்டியார் பெயரில் இருந்தது. வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்து முதலில் அவர் மனைவி ஆச்சி பெயருக்கு மாற்றி, பிறகு 29, 30 போட்டு என் பெயருக்கு வாங்கினேன். 15 வருடம் தாண்டிய வண்டி என்பதால் படிவம் 25 கொடுத்து ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்ததும் தனி அலைச்சல். இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வந்தது முதன்முதலில் அதைக் கிளப்பிய அன்று நடந்ததை.

ப்ளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் எண்ணெய் விட்டு இரண்டு நாள் ஊறவைத்திருந்தோம். புது பாட்டரி மாட்டியாயிற்று. காரைக்குடியிலிருந்து வந்த மெக்கானிக் தம்பிக்கு இருபது வயது இருக்கும். செல்ஃப் ஸ்டார்ட் வண்டிகளில் கை பழகியவன். உதைக்கிறான், உதைக்கிறான், கிக்கர் திருப்பி அடிக்கிறது. ஒரு தடவை கெண்டைக்காலில் பட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

முற்றத்தைச் சுற்றிய வளவுத் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி எழுந்து வந்தார். எண்பது வயது. "முரட்டடியாக மிதித்தால் அது திருப்பித்தான் அடிக்கும் தம்பி. சாவியைப் போட்டு மெதுவாக அழுத்து. இந்த முள்ளைப் பார்" என்று மின்னோட்டம் காட்டும் அம்மீட்டரின் கண்ணாடியை விரலால் தொட்டுக் காட்டினார். முள் இடப்பக்கம் சாய்ந்து, மறுபடி நடுவுக்கு வந்து நின்றது. "வந்துவிட்டதா? இப்போது இடது கைப் பக்கம் இருக்கிற சின்ன லீவரைப் பிடித்துக்கொண்டு ஒரு விரற்கடை அழுத்து. லீவரை விடு. கிக்கர் மேலே வரட்டும். இனி மிதி."

இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது. சைலன்சரிலிருந்து வேப்பஞ்சருகும் எலி சேர்த்துவைத்த பஞ்சும் ஆத்தங்குடிக் கல் தரையில் வந்து விழுந்தன. ஆச்சி ஒரு நாளும் வண்டி ஓட்டியவர் அல்ல. "இருபத்தைந்து வருடம் அவர் கிளப்பும்போது பக்கத்தில் நின்றவள், எனக்குத் தெரியாதா?" என்றார். நகரத்தார் கோயில் ஒன்பதையும் இந்த வண்டியில் ஒரே நாளில் தரிசித்திருக்கிறார்களாம். கொடைக்கானல் வரை போயிருக்கிறார்களாம்.

பிறகு கேட்டார்: "ஊருணி வரைக்கும் ஒரு சுற்று அழைத்துப் போகிறாயா?" பிரேக் ஷூ தேய்ந்து கிடந்தது, டயர் வெடிப்பு விட்டிருந்தது. "வேலை முடிந்ததும் வருகிறேன் ஆச்சி" என்றேன். வேலை முடிய ஏழு மாதம் ஆனது. அதற்குள் அவரை மகன் சென்னைக்கு அழைத்துப் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்த முள் நடுவுக்கு வரும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்தக் கேள்விதான் கேட்கிறது.

தேவகோட்டை ரஸ்தா:

என்னுடையது 2004 தண்டர்பேர்டு. மதுரையில் வாங்கினேன். பெயர் மாற்றுவதற்கு முன்பே ஆசைப்பட்டு ஃபிரேமைப் பிரித்துப் பவுடர் கோட்டிங் (தூளைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பூச்சு) கொடுத்துவிட்டேன். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஆய்வாளர் குனிந்து ஹேண்டில் பாருக்குக் கீழே, சேஸிஸ் எண் இருக்க வேண்டிய இடத்தை நகத்தால் சுரண்டினார். கறுப்பு மினுமினுப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை சுரண்டினார். பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். திருட்டு வண்டிக்காரனைப் பார்க்கும் பார்வை அது. வெயிலில் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள்.

வீட்டுக்குத் திரும்பி, பெயின்ட் ரிமூவரைப் பஞ்சில் தொட்டுத் தொட்டு நான்கு மணி நேரம் ஒற்றினேன். உப்புத்தாள் போட்டால் எண்ணே தேய்ந்துவிடும் என்ற பயம். முதலில் ஒரு ஏழு தெரிந்தது. அந்த ஏழைப் பார்த்தபோது கண் கலங்கியது, உண்மையாகவே.

பழைய கடன் பதிவு ஆர்சியில் நீங்காமல் இருந்தது வேறு கதை. கடன் அடைந்து பல வருடம். ஆனாலும் படிவம் 35-இல் கடன் கொடுத்த நிறுவனத்தின் கையெழுத்து வாங்க இரண்டு மாதம் அலைந்தேன். பணம் கொடுப்பதற்கு முன்பே அந்தப் பதிவு நீங்கிவிட்டதா என்று பாருங்கள்.

காரைக்குடி கல்லூரிச் சாலை:

பள்ளத்தூர் அண்ணன் மன்னிக்க வேண்டும். பதினொரு வருடம் நின்ற எஞ்சினை எண்ணெய் ஊற்றி உதைப்பது சரியான முறை அல்ல. பிஸ்டன் வளையம் சிலிண்டரில் துருவோடு ஒட்டியிருந்தால் உதைக்கிற வேகத்தில் வளையம் முறிந்து சுவரைக் கீறிவிடும். அப்புறம் சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி (ரீபோர்), அதற்கேற்ற பெரிய பிஸ்டன் போட வேண்டியதுதான். சிலிண்டரின் மேல் மூடியான ஹெட்டைத் திறந்து பார்ப்பது ஒரு நாள் வேலை. அதைச் செய்திருக்க வேண்டும்.

என் கதை சின்னது. இதே போல் நின்ற ஒரு புல்லட்டை வாங்கினேன். டேங்க்கைக் குலுக்கினால் உள்ளே மணல் போலச் சத்தம். கவிழ்த்தேன், தேநீர் நிறத்தில் ஒரு கைப்பிடித் துரு கொட்டியது. துருவையும் ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் இயங்கும் ஊரில் இருந்துகொண்டு, அமிலத்தை ஊற்றி டேங்க்கை ஓட்டையாக்க எனக்கு மனம் வரவில்லை.

செய்தது இதுதான், நீங்களும் செய்யலாம். பெட்ரோல் குழாயைக் கழற்றித் துளையை அடையுங்கள். சோப்புத் தண்ணீரால் பலமுறை கழுவிப் பெட்ரோல் வாடையே இல்லாமல் ஆக்குங்கள். இதில் அவசரம் கூடாது. பிறகு தண்ணீரில் வாஷிங் சோடாவைக் கரைத்து நிரப்புங்கள். ஒரு சாதாரண இரும்புக் கம்பியை ரப்பர் அடைப்பு வழியாக உள்ளே தொங்கவிடுங்கள். கம்பி டேங்க்கின் சுவரில் எங்கும் படக்கூடாது. 12 வோல்ட் சார்ஜரின் நேர்முனை கம்பிக்கு, எதிர்முனை டேங்க்குக்கு. மாற்றிக் கொடுத்தால் டேங்க் கரையும். துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வேண்டவே வேண்டாம், நச்சான குரோமியம் உப்பு உண்டாகும். ஹைட்ரஜன் குமிழி வரும், அதனால் திறந்த வெளியில், நெருப்புக்கு எட்டத்தில் வையுங்கள். ஓர் இரவில் கம்பி முழுவதும் சேறு படிந்துவிடும். துடைத்துவிட்டு மறுபடி தொங்கவிடுங்கள். முடிந்ததும் கழுவி, அன்றைக்கே உலர்த்தி, உட்புறம் எண்ணெய் காட்டிவிட வேண்டும். விட்டால் மாலைக்குள் மறுபடி செம்மை படரும்.

இன்னொன்று. இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பர் குழாய், கார்புரேட்டரின் வாஷர் எல்லாம் ஊறி உப்பும். வண்டியை வாங்கியதும் அவற்றை மாற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். டயரின் வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவ்வளவு பழைய டயரை நம்பி நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள்.

தேவகோட்டை அண்ணனுக்கு: பழைய ஃபிரேமுக்குப் பவுடர் கோட்டிங் எதற்கு? அதன் அடியில் துரு தொடங்கினால் வெளியே தெரியாது.

தேவகோட்டை ரஸ்தா:

தம்பி, நான் கேட்கவில்லையே. ஆறு வருடமாகிறது, ஒரு பொட்டுத் துரு இல்லை. நான் சொன்னது சேஸிஸ் எண் மறையாமல் இருக்க அதன்மேல் டேப் ஒட்டிவிட்டுக் கோட்டிங் கொடுங்கள் என்பதற்காக.

குன்றக்குடி வாசகி:

அப்பாவின் யெஸ்டி ரோட்கிங். வாங்கியது அல்ல, விற்கப்போன இடத்திலிருந்து நான் மீட்டது. பழைய இரும்புக்குப் பேசி முடித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக ஆள் வந்துவிட்டான். கிளப்பிப் பார்க்க அவனுக்கு ஆசை. கிக்கர் எங்கே என்று வண்டியைச் சுற்றிச் சுற்றித் தேடினான். நான் போய் இடப்பக்கத்துக் கியர் லீவரை உள்ளே தள்ளி, மேலே திருப்பினேன். அதுதானே கிக்கர்! பத்து வயதில் அப்பா சொல்லிக் கொடுத்தது, காலுக்கு அப்படியே நினைவிருந்தது. லீவரின் ரப்பரில் ஒரு பக்கம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது, அப்பாவின் செருப்பு பட்ட பக்கம். அந்த இடத்தில் என் கால் பட்டதும் "விற்பனைக்கு இல்லை" என்று சொல்லிவிட்டேன். வீட்டில் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன்.

பள்ளத்தூர் அண்ணே, சென்னை எத்தனை தூரம்? போன் இருக்கிறதே. ஆச்சியிடம் பேசினீர்களா இல்லையா?

திருமயம் 350:

பெயின்ட் பேச்சு வந்ததால் சொல்கிறேன். டேங்க்குக்குப் புதிதாக வண்ணம் அடித்து ராமேஸ்வரம் கிளம்பினேன். திருவாடானை தாண்டியதும் நின்றது. பத்து நிமிடம் ஓய்வு கொடுத்தால் கிளம்பும், கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். ப்ளக் மாற்றினேன், பாயின்ட் தேய்த்தேன், கார்புரேட்டரைப் பிரித்தேன். ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய்க்கரையில் நான்காவது முறை நின்றபோது ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் வந்து, "பெட்ரோல் இருக்கிறதா, திறந்து பாருங்கள்" என்றார். முழு டேங்க் போட்டிருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மூடியைத் திருகினேன். உஸ் என்று காற்று உள்ளே போயிற்று. மூடியில் இருக்கும் காற்றுத் துளையைப் பெயின்ட் அடைத்திருக்கிறது! காற்று புகாததால் பெட்ரோல் இறங்கவில்லை. பெரியவர் தன் துண்டிலிருந்து ஒரு ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். குத்திவிட்டேன். ராமேஸ்வரம் போய்த் திரும்பும்வரை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. அந்த ஊக்கைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிட்டேன். டூல் பாக்ஸில் இருக்கிறது.

பள்ளத்தூர்வாசி:

குன்றக்குடி தங்கச்சி கேட்டதற்காக நேற்று இரவு பேசினேன். ஆச்சி நன்றாக இருக்கிறார். பிள்ளையார் நோன்புக்கு எல்லோரும் ஊருக்கு வருகிறார்களாம். வண்டி தயார் என்றேன். உடனே கேட்டார்: "சேலை கார்டு இருக்கிறதா? பின்னால் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி?"

எனக்குப் பேச்சு எழவில்லை. நீண்ட பயணத்துக்கு வசதி என்று ஒற்றை இருக்கையும் பெரிய கேரியரும் போட்டிருக்கிறேன். சேலை கார்டையும் கைப்பிடியையும் பழைய இருக்கையையும் கழற்றிப் பழைய சாமான்களோடு எடைக்குப் போட்டுவிட்டேன். இருபத்தைந்து வருடம் அவர் கைபட்ட கம்பி அது.

கல்லூரிச் சாலைத் தம்பி சொன்னபடி ஹெட்டைத் திறந்து பார்த்திருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். இப்போது எனக்கு வேண்டியது 86 மாடலுக்குப் பொருந்தும் சேலை கார்டு. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய பொருள் கடைகள் அத்தனையிலும் நாளை காலை கேட்கப் போகிறேன். உங்களில் யாரிடமாவது கழற்றி வைத்தது இருந்தால் சொல்லுங்கள், முலாம் உரிந்திருந்தாலும் பரவாயில்லை, நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

தேவகோட்டை ரஸ்தா:

என் மாமா வீட்டுப் பரணில் ஒன்று கிடக்கிறது. கொஞ்சம் வளைந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள்.