மாமா போனை ஊமையாக்கியது யார்?

வாட்ஸ்அப் குழு: அம்மாயி வீடு

ஜனவரி 31

பெரியம்மா கோபி, மாலை 6:48
தம்பி, கறி விருந்துக்கு எத்தனை பேர் வருவீர்கள் என்று புதன்கிழமை உனக்குத் தனியாகக் கேட்டிருந்தேன். இன்றைக்குச் சனிக்கிழமை. இரண்டு கோடும் சாம்பல் நிறத்திலேயே நிற்கிறது. போனைக் கையில் எடுப்பதே இல்லையா?

மாமா சென்னிமலை, 6:55
பார்த்தேன் அக்கா. அன்றைக்கே பார்த்தேன். பதில் போட மறந்துவிட்டது. நாலு பேர் வருகிறோம்.

பெரியம்மா கோபி, 6:56
பார்த்தால் நீலம் ஆகணுமே? என்னிடம் மறைக்கும் அளவுக்கு உனக்கு என்ன வந்தது?

அம்மா, 6:58
எனக்கும் அப்படித்தான் அக்கா. பொங்கலுக்கு அப்புறம் அண்ணனுக்கு எது அனுப்பினாலும் நீலமே வருவதில்லை. கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

அத்தை, 7:02
அவர் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை நங்கையா. அவருக்கே ஒன்றும் புரியவில்லை. வீட்டில் ரெண்டு நாளாக ஒரே கோபம். தண்ணீர் முறை போய்விட்டது.

நான், 7:03
ஐயோ, எப்படி மாமா?

மாமா சென்னிமலை, 7:09
வியாழக்கிழமை ராத்திரி நம்ம முறை அம்மணி. காலை ஐந்து மணிக்குத்தான் திருப்புவோம் என்று பேச்சு. மேல் மடைக்காரர் முன்னாலேயே பாய்ச்சி முடித்துவிட்டாராம். ரெண்டு மணிக்கே திருப்பிக்கொள்ளுங்கள் என்று வாய்க்கால் குழுவில் போட்டிருக்கிறார்கள். போன் தலைமாட்டில்தான் கிடந்தது. ஒரு சத்தம் இல்லை. ஐந்து மணிக்கு மண்வெட்டியோடு போனால் தண்ணீர் அடுத்த காட்டில் பாய்ந்துகொண்டிருக்கிறது. நம்ம கடலை வெடித்த மண்ணில் நிற்கிறது.

அம்மா, 7:10
ஒரு ஆள் வந்து கதவைத் தட்டியிருக்கலாமே அண்ணா.

மாமா சென்னிமலை, 7:12
அதெல்லாம் அந்தக் காலம். இப்போது குழுவில் போட்டால் நேரில் சொன்ன கணக்கு. கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பவானிசாகர் அணையிலிருந்து இவ்வளவு தூரம் வருகிறது, நம் மடைக்கு வரும்போது நான் தூங்குகிறேன்.

நான், 7:13
மாமா, வாய்க்கால் குழுவின் பெயருக்குப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்ட சின்னப் படம் ஏதாவது இருக்கிறதா?

மாமா சென்னிமலை, 7:16
இருக்கிறது. எல்லாக் குழுவுக்கும் இருக்கிறது. அலங்காரம் என்று நினைத்தேன்.

பெரியம்மா கோபி, 7:17
பொங்கலுக்கு யார் அவன் போனைத் தொட்டது?

பெரியம்மா கோபி, 7:19
கேட்டது காதில் விழவில்லையா யாருக்கும்?

தம்பி காலேஜ், 7:21
நான்தான் பெரியம்மா. புதுப் போன், செட்டிங்ஸ் எல்லாம் சரி செய்து கொடு மாப்பிள்ளை என்று மாமா சொன்னார். என் போனில் இருப்பது போலவே வைத்துக் கொடுத்தேன்.

பெரியம்மா கோபி, 7:21
என்னென்ன செய்தாய், ஒன்று விடாமல் சொல்.

தம்பி காலேஜ், 7:24
எல்லாக் குழுவும் மியூட். நீலக் கோடு நிறுத்தம். லாஸ்ட் சீன் யாருக்கும் தெரியாது. திரை கருப்பு. எழுத்து சின்னது. படம், வீடியோ தானாக இறங்காது. அவ்வளவுதான்.

மாமா சென்னிமலை, 7:26
கருப்புத் திரை நீ வைத்ததா மாப்பிள்ளை? கண்ணில் புரை விழுந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் நாள் கேட்டு வைத்திருக்கிறேன்.

நான், 7:26
😂😂😂

அம்மாயி, 7:28
(குரல் பதிவு, 11 விநாடி) எஞ்சாமியை ஆரும் திட்டாதீங்க. கேட்டதுக்குத்தான செஞ்சு குடுத்தான். சோறு தின்னியா சாமி?

தம்பி காலேஜ், 7:29
தின்றேன் அம்மாயி ❤️
நான் ஏன் மியூட் செய்தேன் என்றும் சொல்லிவிடுகிறேன். பொங்கலன்று மாமா பக்கத்தில் படுத்திருந்தேன். விடிகாலை 4:30க்கு டிங். 4:31க்கு டிங். 4:33க்கு நாலு டிங். எல்லாம் காலை வணக்கம், மல்லிகைப் பூ, விளக்கு. அனுப்பியவர் பெயரை நான் சொல்ல மாட்டேன்.

பெரியம்மா கோபி, 7:30
நாலரைக்கு எழுந்தால் நாலரைக்குத்தான் வணக்கம் சொல்ல முடியும்.

மாமா சென்னிமலை, 7:34
மாப்பிள்ளை, ஒரு தோட்டத்தில் பத்துப் பாத்தி இருந்தால் எந்த மடையை அடைக்கணும், எதைத் திறக்கணும் என்று தோட்டக்காரனைக் கேட்கணும். நீ எல்லா மடையையும் மிதித்து அடைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டாய்.

தம்பி காலேஜ், 7:35
தப்புதான் மாமா. இப்போது ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டுச் செய்வோம். முதலில் வாய்க்கால் குழுவைத் திறந்து, மேலே பெயரைத் தொடுங்கள். அதில் நோட்டிஃபிகேஷன், உங்கள் போனில் தமிழில் 'அறிவிப்புகள்' மாதிரி ஏதாவது இருக்கும். மியூட்டை எடுத்துவிடுங்கள்.

நான், 7:36
மியூட் மூன்று விதம் மாமா. 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும். முன்பு எப்போதும் என்பது கிடையாது, அதிகமாகப் போனால் ஒரு வருஷம். 2020இல்தான் மாற்றினார்கள். இவன் எப்போதும் என்று போட்டுப் பூட்டியிருக்கிறான்.

மாமா சென்னிமலை, 7:41
எடுத்துவிட்டேன். அடுத்தது?

தம்பி காலேஜ், 7:42
அதே இடத்தில் அந்தக் குழுவுக்கு மட்டும் தனிச் சத்தம் வைக்கலாம். தண்ணீர்ச் செய்தி வந்தால் ஒரு சத்தம், மற்றதற்கு வேறு சத்தம். இந்த 'அம்மாயி வீடு' குழுவை மியூட்டிலேயே விட்டுவிடலாமா?

பெரியம்மா கோபி, 7:42
விட்டுப் பார்.

மாமா சென்னிமலை, 7:44
ராத்திரிக்கு மட்டும் 8 மணி நேரம் போட்டுக்கொள்கிறேன் அக்கா. ஒன்பது மணிக்குப் போட்டால் ஐந்து மணிக்குத் தானே திறந்துகொள்ளும்.

பெரியம்மா கோபி, 7:45
அப்படியென்றால் நான் ஐந்தேகாலுக்கு வணக்கம் போடுகிறேன்.

நான், 7:46
மாமா, இன்னொன்று. போனே சைலண்டில் இருந்தால் குழுவில் என்ன சத்தம் வைத்தாலும் கேட்காது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தம் இருக்கிறதா என்று படுக்கும்முன் ஒரு தடவை பாருங்கள்.

மாமா சென்னிமலை, 7:50
சரி அம்மணி. இப்போது அக்கா கேட்ட நீலக் கோடு. அது எங்கே?

தம்பி காலேஜ், 7:51
வலது மேல் மூலையில் மூன்று புள்ளி, அதில் செட்டிங்ஸ், அதில் பிரைவசி. உங்களுக்குத் 'தனியுரிமை' என்று காட்டும்.

மாமா சென்னிமலை, 7:53
அதைப் பார்த்திருக்கிறேன். பட்டா சமாச்சாரம் போல என்று கிட்டவே போகவில்லை.

பெரியம்மா கோபி, 7:53
என் போனில் மூன்று புள்ளி மேலே இல்லையே?

நான், 7:54
உங்களுடையது ஐபோன் பெரியம்மா. செட்டிங்ஸ் கீழ்வரிசையில் வலது ஓரத்தில் இருக்கும். ஆனால் நீங்கள் எதையும் மாற்ற வேண்டாம், நன்றாகத்தான் இருக்கிறது.

தம்பி காலேஜ், 7:56
மாமா, நீலக் கோட்டை நிறுத்தினால் ரெண்டு பக்கமும் நின்றுவிடும். நீங்கள் படித்தது மற்றவர்களுக்குத் தெரியாது, மற்றவர்கள் படித்தது உங்களுக்கும் தெரியாது.

மாமா சென்னிமலை, 7:57
இரு இரு. மற்றவர்கள் படித்ததும் எனக்குத் தெரியாதா?

தம்பி காலேஜ், 7:57
ஆமாம் மாமா.

மாமா சென்னிமலை, 8:01
அடப் பாவி. கொப்பரை வியாபாரிக்கு விலை கேட்டுப் போட்டுவிட்டு, நீலமே ஆகவில்லை, படித்துக்கூடப் பார்க்காமல் இருக்கிறார் என்று அவர் களத்துக்கே போய்ச் சத்தம் போட்டுவிட்டு வந்தேன். அந்த மனுஷன் 'படிச்சேனுங்க, படிச்சேனுங்க' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

அத்தை, 8:02
அன்றைக்கு வீட்டுக்கு வந்து காபி கூடக் குடிக்கவில்லை.

அம்மா, 8:03
அண்ணா, நாளைக்கு அவருக்கு ஒரு தார் வாழைப்பழம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

மாமா சென்னிமலை, 8:06
போட்டாச்சு, நீலக் கோடு திரும்ப வந்தாச்சு. கருப்புத் திரையையும் எடுத்துவிட்டேன். எழுத்து பெரியது வைத்தேன். அது சாட்ஸ் என்ற இடத்தில் இருந்தது, நானே கண்டுபிடித்தேன்.

நான், 8:06
👏👏 ஆஸ்பத்திரிக்காரர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

அத்தை, 8:10
அம்மணி, நான் ஒன்று கேட்கிறேன். இந்த லாஸ்ட் சீன் எனக்கு மறைத்து வைக்க முடியுமா? ராத்திரி பதினொரு மணிக்கு ஒரு கோலம் வீடியோ பார்த்தால் மறுநாள் 'ஏன் தூங்கவில்லை, வீட்டில் ஏதாவது சண்டையா' என்று விசாரணை வருகிறது.

நான், 8:12
முடியும் அத்தை. எல்லோருக்கும், காண்டாக்டில் இருப்பவர்களுக்கு, அதில் சிலரைத் தவிர, யாருக்கும் இல்லை என்று நாலு விதம். சிலரைத் தவிர என்பதில் பெயரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். நாம் யாருக்கு மறைக்கிறோமோ அவர்களுடையதும் நமக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

பெரியம்மா கோபி, 8:13
யாரைத் தவிர?

பெரியம்மா கோபி, 8:20
ஏனம்மா, யாரைத் தவிர என்று கேட்டேன்.

அத்தை, 8:21
சும்மா தெரிந்துகொள்ளக் கேட்டேன் நங்கையா 🙏

பெரியம்மா கோபி, 8:27
சரி. நானும் ஒன்று கண்டுபிடித்தேன். என் காலை வணக்கத்தை அழுத்திப் பிடித்தால் 'இன்ஃபோ' என்று வருகிறது. அதில் யார் யார் எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று பெயரோடு இருக்கிறது. இன்றைக்கு ஒன்பது பேர் படித்திருக்கிறீர்கள். ஒரு ஆள்கூடப் பதில் வணக்கம் போடவில்லை. காலேஜ்காரன் பகல் 11:40க்குப் பார்த்திருக்கிறான். அப்போதுதான் எழுந்தாயா?

தம்பி காலேஜ், 8:28
நான்தான் நீலக் கோட்டை நிறுத்தி வைத்திருக்கிறேனே!

நான், 8:28
குழுவில் அது செல்லாது தம்பி. தனியாக வரும் செய்திக்குத்தான் மறைக்க முடியும். குரல் பதிவைக் கேட்டாலும் தெரிந்துவிடும்.

மாமா சென்னிமலை, 8:35
எனக்கு இன்னொரு குறை இருக்கிறது. போனில் இடமே இல்லை என்கிறது. கண்ணபுரம் மாட்டுத் தாவணிக்கு மயிலைக் காளையின் படம் ஒருவர் கேட்டார். கேலரியைத் தள்ளுகிறேன் தள்ளுகிறேன், பழைய போனிலிருந்து வந்த மல்லிகைப் பூவும் சூரிய உதயமும்தான். காளையைக் காணவில்லை.

தம்பி காலேஜ், 8:38
இனி வருவதற்கு வழி இருக்கிறது மாமா. எங்கள் குழுவுக்குள் போய் 'மீடியா விசிபிலிட்டி' என்பதை வேண்டாம் என்று வையுங்கள். இங்கே வரும் படம் வாட்ஸ்அப்பில் இருக்கும், கேலரிக்குள் நுழையாது. ஏற்கெனவே நுழைந்தது போகாது. அதற்கு செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதில் மேனேஜ் ஸ்டோரேஜ். பலமுறை ஃபார்வேர்ட் ஆனதெல்லாம் தனியாகக் கட்டி வைத்திருக்கும், மொத்தமாக அழிக்கலாம்.

மாமா சென்னிமலை, 8:39
காளை போய்விடாதே?

தம்பி காலேஜ், 8:39
காளையை நீங்களே எடுத்ததுதானே மாமா. அது கேமராவில் இருக்கும், போகாது.

நான், 8:44
இவ்வளவு செய்யும்போது ஒரு வேலையை மறந்துவிடக் கூடாது. செட்டிங்ஸில் அக்கவுண்ட், அதில் டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன். ஆறு இலக்க எண் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். பிறந்த தேதி வேண்டாம். யார் கேட்டாலும் அதையும் ஓடிபியையும் சொல்லக் கூடாது. கல்யாணப் பத்திரிகை என்று ஏபிகே என முடியும் ஃபைல் வந்தால் தொடாதீர்கள், அது பத்திரிகையே இல்லை, போனில் ஏறிக்கொள்ளும் திருட்டு ஆப். பணம் போய்விட்டால் உடனே 1930, அந்த சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். அப்புறம் 'லிங்க்டு டிவைசஸ்' என்று இருக்கும், உங்கள் வாட்ஸ்அப் வேறு எங்கே திறந்திருக்கிறது என்று காட்டும். பாருங்கள்.

மாமா சென்னிமலை, 8:51
ஒன்று காட்டுகிறது. விண்டோஸ் என்று இருக்கிறது. நம் வீட்டில் கம்ப்யூட்டரே இல்லையே அம்மணி?

பெரியம்மா கோபி, 8:51
திருடனா?

அத்தை, 8:52
எனக்குப் படபடக்கிறது.

தம்பி காலேஜ், 8:54
பதற வேண்டாம். அது என் லேப்டாப். பொங்கல் படங்களை எடுக்க இணைத்தேன், கழற்ற மறந்துவிட்டேன்.

பெரியம்மா கோபி, 8:54
அப்போது பதினைந்து நாளாக மாமாவுக்கு வருவதெல்லாம் உன்னிடமும் வந்துகொண்டிருந்ததா? வாய்க்கால் குழுச் செய்தியும்?

தம்பி காலேஜ், 8:56
வந்திருக்கும். நான் திறந்து பார்க்கவில்லை பெரியம்மா. அம்மாயி மேல் சத்தியம்.

அம்மாயி, 8:57
(குரல் பதிவு, 6 விநாடி) எம்மேல எதுக்குடா சத்தியம் பண்ற!

மாமா சென்னிமலை, 8:59
அதைத் தொட்டு லாக் அவுட் கொடுத்தாச்சு. மாப்பிள்ளை, அடுத்த தடவை வா, போனைத் தருகிறேன். ஆனால் நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

பிப்ரவரி 9

மாமா சென்னிமலை, அதிகாலை 2:17
தண்ணீர் வந்தாச்சு!!

மாமா சென்னிமலை, 2:18
(படம்: டார்ச் வெளிச்சத்தில் வாய்க்கால்)

மாமா சென்னிமலை, 2:19
மாப்பிள்ளை சொன்ன மாதிரி தனிச் சத்தம் வைத்தேன். நம்ம மயிலை கத்துவதை ரெக்கார்ட் செய்து வைத்திருந்தேன். செய்தி வந்ததும் போன் கத்த, கட்டுத்தரையில் இருந்து அது பதிலுக்குக் கத்த, உங்கள் அத்தை எழுந்து ஓடிவிட்டாள்.

பெரியம்மா கோபி, 2:22
நடுராத்திரியில் எல்லோரையும் எழுப்புகிறாயே, உனக்கே நியாயமா?

மாமா சென்னிமலை, 2:23
குழுவை மியூட்டில் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே அக்கா. 8 மணி நேரம், ஒரு வாரம், எப்போதும்.

பெரியம்மா கோபி, 2:24
நான் எதற்குப் போட வேண்டும்? மேட்டுப் பாத்திக்கு முதலில் திருப்பு. நம்ம அப்பா அப்படித்தான் பாய்ச்சுவார்.