எந்தப் பாண்டி? – ஒரு பொத்தானுக்குப் பெயர் வேண்டும்

ம., சென்னை:

குழுவினருக்கு வணக்கம். பொது நூலகம் ஒன்றின் தேடல் பக்கத்தைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கோப்பை ஒப்படைத்தாக வேண்டும். ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டேன்: 'டிஸ்ஆம்பிகுவேஷன்'. ஒரே பெயர் பல ஆட்களையும் ஊர்களையும் பொருள்களையும் குறிக்கும்போது, "இவற்றில் எது வேண்டும்?" என்று பிரித்துக் காட்டும் பட்டியல். அதைத் திறக்கும் பொத்தானுக்குத்தான் பெயர் கேட்கிறேன்.

சோதனைக்குப் 'பாண்டி' என்று தேடினேன். பாண்டியர் வரலாறு, புதுச்சேரிக் கையேடு, கேரளச் செண்டை மேளம் பற்றிய நூல், சிறுவர் விளையாட்டுகள் எல்லாம் ஒரே குவியலாக வந்து விழுந்தன.

பொத்தானில் இருபது இடம்தான். கணினி புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும். 'க்' இரண்டு, 'நெ' இரண்டு. விக்கிப்பீடியாவில் புழங்கும் 'பக்கவழி நெறிப்படுத்தல்' இருபத்திரண்டு ஆகிறது. 'பொருள்மயக்கம் நீக்கல்' இருபத்தொன்று. ஒன்றே ஒன்றுதான் இடிக்கிறது!

புலவர் கு., திருநெல்வேலி:

இடிப்பது நல்லதுதான் அம்மா. மயக்கத்தை ஏன் நீக்க வேண்டும்? மெய்ம்மயக்கம், உருபு மயக்கம், திணைமயக்கம் எல்லாம் இலக்கணம் இடம் கொடுத்தவை. நீக்குவதற்கு அது நோயா?

நீங்கள் தேடும் சொல் தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்னும் இயலிலேயே இருக்கிறது. பலபொருள் ஒருசொல்லைப் பற்றிச் சொல்லும்போது, "வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே" என்கிறார். உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு 'மா'. "மா பூத்தது" என்றால் வினையால் மரம். "மாவும் மருதும் ஓங்கின" என்றால் இனத்தால் மரம். கவசம் பூண்டு நின்று "மாக் கொணா" (மா கொண்டு வா) என்று ஒருவன் கேட்டால் சார்பால் குதிரை. இந்தக் காலத்துக் கணினிக்காரர்கள் செய்வதும் இதுதானே: பக்கத்துச் சொல்லைப் பார்த்துப் பொருள் கண்டுபிடிப்பது.

ஆகவே பொருள்தெரிநிலை. நானும் எண்ணிப் பார்த்துவிட்டேன், பதினான்குதான்.

ஜெ., கோவை:

ஐயா, அருமை. ஆனால் கைப்பேசியில் இதைப் பார்க்கிற ஆளுக்கு இது வானிலை அறிக்கை போல இருக்கும். பேசாமல் "எந்தப் பாண்டி?" என்றே போட்டுவிடலாம் என்று நினைத்தேன். 'எந்த' என்பதை வைத்துவிட்டு, தேடிய பெயரைப் பக்கத்தில் நிரல் ஒட்டிக்கொள்ளும்.

எழுதியும் பார்த்தேன். "எந்த பாண்டி?" என்று ஒற்று இல்லாமல் வந்தது. சரி, 'ப்' போடச் சொன்னேன். அடுத்த தேடலில் "எந்தப் மதுரை?" என்று வந்து நின்றது. க, ச, த, ப வந்தால் மிகு, மற்றதற்கு மிகாதே என்று விதி எழுதலாம்தான். ஆனால் இந்த மென்பொருளை எழுதியவர்களிடம் ஒரு மொழிக்காக மட்டும் அதைச் சேர்க்கச் சொன்னால் வெள்ளிக்கிழமை போய் பொங்கலே வந்துவிடும். நிலையான ஒரு சொல்தான் வேண்டும்.

த., புதுச்சேரி:

சொல் எதுவானாலும் சரி. எங்கள் ஊர் ஏன் அந்தப் பட்டியலில் வருகிறது? புதுச்சேரி என்ற பெயர் பிரெஞ்சுக்காரர் வாயிலும் ஆங்கிலேயர் வாயிலும் 'பாண்டிச்சேரி' ஆகி, வெட்டுப்பட்டுப் 'பாண்டி' ஆனது. 2006இல் அதிகாரப்படியும் புதுச்சேரி என்று மீண்டது. பாண்டிய மன்னனுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

புலவர் ஐயா இதைப் 'பலபொருள் ஒருசொல்' என்கிறார். ஒரு சொல்லே இல்லையே! இரண்டு வெவ்வேறு சொற்கள், தற்செயலாக ஒரே எழுத்தில் வந்து நிற்கின்றன. வேடிக்கை என்னவென்றால், தியாகராய நகர்ப் பாண்டி பஜாரின் அதிகாரப் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. அது உண்மையிலேயே பாண்டியன் பெயர். ஆனால் ஆங்கிலப் பலகையில் எங்கள் ஊர்ச் சுருக்கத்தின் எழுத்துக்கூட்டலே இருப்பதால், புதுச்சேரிக் கடைத்தெரு என்று நினைப்பவர்கள் உண்டு.

புலவர் கு., திருநெல்வேலி:

த. அவர்கள் சொல்வது நியாயமே. ஆனால் 'பாண்டி' எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் எப்படிப் பிரிப்பது? பண்டு என்றால் பழமை, அதனால் பழங்குடி மன்னன் பாண்டியன் என்பது ஒரு கட்சி. பாண்டவரோடு முடிச்சுப் போடுவது இன்னொரு கட்சி. அதை நான் ஏற்பதில்லை. பாண்டி என்றால் எருது, எருது போன்ற வீரன் பாண்டியன் என்பது மூன்றாவது.

எருது என்றால் 'பாண்டில்' நினைவுக்கு வர வேண்டும். அகராதியைத் திறந்து பாருங்கள்: வட்டம், கிண்ணம், தாளம், தேர், எருது எல்லாம் பாண்டில். நக்கீரர் பாடிய நெடுநல்வாடையில் அரசி தனித்துக் கிடக்கும் வட்டக் கட்டிலுக்கும் "பேரளவு எய்திய பெரும்பெயர்ப் பாண்டில்" என்று பெயர். போர்க்களத்தில் இருக்கும் அவள் தலைவன் பாண்டியன் நெடுஞ்செழியன் என்பது மரபு. பாண்டியன் வீட்டுக் கட்டில் பாண்டில்! நக்கீரர் தெரியாமலா போட்டிருப்பார்? வண்டிக்குப் பண்டி என்றும் ஒரு பெயர் உண்டு, தெலுங்கில் இன்றும் பண்டிதான். வட்டம், சக்கரம், வண்டி, எருது…

ம., சென்னை:

ஐயா, கட்டிலை அடுத்த வாரம் பார்ப்போம். பொத்தான்.

சி., திருச்சூர்:

மேளம் பற்றி ஒரு வார்த்தை. இங்கே பாண்டி மேளம் என்னும் செண்டை மேளம் பெரும்பாலும் கோயிலுக்கு வெளியே கொட்டுவது. திருச்சூர்ப் பூரத் திருவிழாவில் வடக்குந்நாதன் கோயில் மதிலுக்குள்ளே, இலஞ்சித்தறை என்னும் இடத்தில் நடப்பதும் பாண்டிதான், அது விதிவிலக்கு. பஞ்சாரி என்பது வேறொரு மேளம். இதைப் 'பாண்டிநாட்டு மேளம்' என்று பட்டியலில் விளக்கிவிட வேண்டாம். அப்படி ஒரு கதை உலவுகிறது என்பதற்காக அதை உண்மையாக்கிவிடக் கூடாது.

இன்னொன்று. மலையாளத்தில் பாண்டி என்றால் தமிழ்நாடு, தமிழ்நாட்டுக்காரர். பழைய வழக்கில் வெறும் திசைப்பெயர். இன்று தெருவில் ஒருவர் "பாண்டி" என்று கூப்பிட்டால் அதில் ஏளனம் இருக்கும். அதையும் பட்டியலில் சேர்ப்பீர்களா?

இ., மதுரை (ஆசிரியை):

மதுரையில் அப்படிக் கூப்பிட்டால் தெருவில் பாதிப்பேர் "என்னங்க" என்று திரும்புவார்கள். 'பாண்டி கோயில்' என்றால் மேலமடையில் இருக்கும் முனீஸ்வரர் கோயில். கிடா வெட்டு, முடியிறக்கம், ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். நெடுஞ்செழியனே முனியாகப் பிறந்தான் என்று கோயில் கதை சொல்கிறது. அப்படியென்றால் மன்னனோடு சேர்ப்பதா, தெய்வத்தோடு சேர்ப்பதா? விளையாட்டிலும் இதே குழப்பம். சென்னைப் பிள்ளைகளுக்குப் பாண்டி என்றால் கட்டம் போட்டு நொண்டியடிப்பது. எங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்குப் பல்லாங்குழி. காசிப் பாண்டி, ராஜபாண்டி என்று அதற்கு உட்பிரிவு வேறு.

என் வகுப்பில் 'பொருள்தெரிநிலை'யைக் கரும்பலகையில் எழுதிக் கேட்டேன். "பொருள் தெரியிற நிலைமையா டீச்சர்?" என்றான் ஒரு பையன். தவறில்லை. ஆனால் அழுத்தினால் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லவில்லை. 'பெயர்ப்பட்டியல்' என்று போடலாமே.

ஜெ., கோவை:

'பெயர்ப்பட்டியல்' ஏற்கெனவே ஆசிரியர் பெயர் வரிசைக்குக் கொடுத்தாகிவிட்டது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் அந்தப் பெயருக்கே ஒரு பொத்தான் தேவைப்படும்.

வ., கல்முனை (இலங்கை):

புலவர் ஐயா, கடைசிப் பகுதியை மாத்திரம் மாற்றினால் என்ன? பொருள்தெரிவு. எங்களிடம் தெரிவு என்றால் தேர்ந்தெடுப்பது. நாடாளுமன்றத் தெரிவுக்குழு, "தெரிவு செய்யுங்கள்" எல்லாம் அன்றாட வழக்கு. பொருளைத் தெரிந்துகொள்ளவும் செய்கிறது, தேர்ந்தெடுக்கவும் செய்கிறது. தொல்காப்பியத் 'தெரி'யும் கெடவில்லை. பன்னிரண்டு இடம்.

பக்கத்து ஊர் பாண்டிருப்பு. அங்கே திரௌபதை அம்மன் கோயில் இருப்பதால் ஊர்ப்பெயரைப் பாண்டவரோடு சேர்த்துத்தான் சொல்வார்கள். புலவர் ஐயா கோபிக்க வேண்டாம்.

புலவர் கு., திருநெல்வேலி:

கோபம் இல்லை தம்பி. 'தெரிவு' தமிழ்நாட்டில் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை என்று நானே சொல்ல வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. இவ்வளவு நேரம் புழக்கத்தைப் பற்றி என்னிடம்தான் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

ஒன்றை மட்டும் விடாதீர்கள். பெயருக்குப் பக்கத்தில் நாடு, ஊர், மேளம் என்று ஒரு குறிப்புப் போடுவீர்களே, அதற்கும் பெயர் வேண்டும். வினையால் வேறுபடாதபோது "குறித்தோன் கூற்றம் தெரித்துமொழி கிளவி" என்கிறது அதே இயல். "மா வீழ்ந்தது" என்றால் மரமா குதிரையா என்று தெரியாது. சொன்னவன்தான் "மாமரம்" என்று விரித்துச் சொல்ல வேண்டும். அந்த 'மரம்'தான் தெரித்துமொழி. அதையே 'சிறப்பு' என்று கொண்டு நன்னூலார் "சிறப்பெடுத்தே" என்பார். வினை, சார்பு, இனத்தோடு 'இடம்' என்பதையும் சேர்த்தவர் அவர். ஊர்ப்பெயர்க் குழப்பத்துக்கு அவர்தான் ஆள்.

ம., சென்னை:

பொத்தானுக்குப் 'பொருள்தெரிவு', பக்கத்துக் குறிப்புக்கு 'சிறப்பு'. கோப்பில் ஏற்றிவிட்டேன். இ. அம்மா, கல்முனை நண்பர், ஜெ. மூவரும் சரி என்கிறார்கள். மற்றவர்கள் மறுக்கவில்லை அல்லது களைத்துவிட்டார்கள். 'பொருள்தெரிநிலை' உதவிப் பக்கத்தில் விளக்கமாக வரும். புதுச்சேரியைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது த. ஐயா. பேருந்து நிலையத்தில் "பாண்டி, பாண்டி" என்றுதான் இன்றும் கூவுகிறார்கள். தேடுகிறவரும் அதைத்தான் தட்டுவார். "புதுச்சேரியின் பேச்சு வழக்கு" என்று சிறப்பில் எழுதியிருக்கிறேன். மலையாள வழக்குக்கு "தமிழ்நாடு, மலையாளத்தில்" என்று போட்டேன்.

த., புதுச்சேரி:

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கூவுவதெல்லாம் பெயராகிவிடாது.

சி., திருச்சூர்:

"தமிழ்நாடு, மலையாளத்தில்" என்று மட்டும் போட்டால் ஏளனம் மறைந்துவிடும். 'வசை' என்று போட்டால் பழைய வழக்கு கெட்டுவிடும். இரண்டு வரியாகப் பிரியுங்கள். அடுத்த பதிப்பிலாவது.