ஓடும் அரசுப் பேருந்தில் தூக்கிப் போட்டு அம்மாவுக்கு முதுகெலும்பு முறிவு – எதிலும் மோதாத வண்டிக்கு இழப்பீடு கேட்க முடியுமா?

கேள்வி – தையல்காரர் மகள்

எல்லோருக்கும் வணக்கம். 24 நாட்களுக்கு முன் என் அம்மா (வயது 52) அரசுப் பேருந்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பயணம் செய்தார். ஒரு வேகத்தடையில் ஓட்டுநர் பிரேக்கே போடாமல் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டார். அம்மா இருக்கையை விட்டு எழும்பி, திரும்ப அதே இருக்கையில் தொப்பென்று விழுந்திருக்கிறார். "இடுப்புக்கு மேலே மளுக்கென்று சத்தம் கேட்டது, அப்புறம் காலை அசைக்கவே பயமாக இருந்தது" என்கிறார். இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்-1 என்ற எலும்பு நசுங்கி முறிந்திருக்கிறது என்று ஸ்கேனில் தெரிந்தது. அறுவைசிகிச்சை வேண்டாம், பெல்ட் போட்டு மூன்று மாதம் படுக்கையில் இருக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அன்றைக்கு வண்டியை நிறுத்தவில்லை. அடுத்த நிறுத்தத்தில் இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக இறக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டார்கள். போலீஸ் புகார் எதுவும் கொடுக்கவில்லை. போன வாரம் பணிமனைக்குப் போய்க் கேட்டேன். "வண்டி எதிலும் மோதவில்லையே, இது விபத்தே இல்லை" என்றார்கள். இரண்டு நாள் கழித்து ஒருவர் வீட்டுக்கு வந்து, 10,000 ரூபாய் வாங்கித் தருகிறேன், ஒரு தாளில் கையெழுத்துப் போடுங்கள் என்றார். அம்மா போட்டுவிடலாம் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை.

அம்மா வீட்டில் தையல் வேலை செய்பவர். மாதம் சுமார் 12,000 வரும், ஆனால் அதற்கு ரசீதோ கணக்கோ கிடையாது. இன்னொரு சிக்கல்: டிஸ்சார்ஜ் சம்மரியில் "கீழே விழுந்ததால் ஏற்பட்ட காயம்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். பேருந்து என்ற சொல்லே இல்லை. டிக்கெட் என்னிடம் இருக்கிறது. இதை வைத்து ஏதாவது செய்ய முடியுமா?

பதில் 1 – முன்னாள் நடத்துநர்

முதல் காரியம், அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள் சகோதரி. "முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், மேற்கொண்டு எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று ஒரு வரி அதில் கண்டிப்பாக இருக்கும்.

இரண்டாவது, டிக்கெட்டை இப்போதே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஜெராக்ஸும் போட்டுவிடுங்கள். மிஷின் டிக்கெட் வெப்பத்தாளில் அச்சாவது. சில மாதத்தில் எழுத்து மங்கி வெறும் தாளாகிவிடும். பத்திரப்படுத்துகிறேன் என்று லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். சூடு பட்டதும் தாள் முழுக்கக் கறுத்துவிடும். ஒரு குடும்பம் அப்படிச் செய்து, கறுத்துப்போன அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதை நானே பார்த்திருக்கிறேன்.

டிக்கெட்டில் உள்ள தேதி, நேரம், வண்டி அல்லது மிஷின் எண்ணை வைத்து அந்த நடையில் யார் ஓட்டுநர், யார் நடத்துநர் என்று பணிமனைப் பதிவிலிருந்து எடுத்துவிடலாம். "தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது. வண்டியில் கேமரா இருந்தால் அதன் பதிவு சில நாட்களில் தானாக அழிந்து மேலே புதியது ஏறிவிடும். 24 நாள் ஆகிவிட்டது, இருக்குமோ இருக்காதோ. ஆனாலும் இன்றைக்கே பதிவுத் தபாலில் "பதிவை அழிக்காமல் பாதுகாக்கவும்" என்று எழுதிப் போடுங்கள். கடிதத்துக்குப் பிறகும் அழித்தால் அது அவர்கள் தலையில் விடியும்.

கடைசி வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. பின் சக்கரத்துக்குப் பின்னால் வண்டி நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். வேகத்தடையில் பின் சக்கரம் ஏறும்போது அந்தக் கோடி மற்ற எல்லா இடத்தையும் விட அதிகம் தூக்கும். ஓட்டுநர் இருக்கையில் அது தெரியவே தெரியாது. அதனால்தான் வேகத்தடைக்கு முன்னால் வேகம் குறைப்பது ஓட்டுநரின் கடமை. பின்னால் உட்கார்ந்திருந்ததில் அம்மாவின் தவறு எதுவும் இல்லை.

பதில் 2 – கறுப்புக்கோட்டு

நான் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். கேட்டதற்கெல்லாம் வரிசையாகச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

மோதினால்தான் விபத்து என்பது தவறு. மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 165 சொல்வது "மோட்டார் வாகனத்தைப் பயன்படுத்துவதால் எழும்" விபத்து. மோதல் என்று எங்கேயும் இல்லை. பயணி உள்ளே தூக்கி எறியப்படுவது, திடீர் பிரேக்கில் கம்பியில் முகம் இடிப்பது, இறங்கி முடிப்பதற்குள் வண்டியை எடுப்பது எல்லாம் இதற்குள் வரும். ஓட்டுநரின் கவனக்குறைவுக்கு அரசுப் போக்குவரத்துக் கழகம் முதலாளி என்ற முறையில் பொறுப்பு.

எங்கே கேட்பது? பிரிவு 166இன்படி மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். விபத்து நடந்த இடத்துக்கு அலைய வேண்டியதில்லை, நீங்கள் குடியிருக்கும் இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் தனி நிதி வைத்துக்கொண்டு காப்பீட்டிலிருந்து விலக்குப் பெறச் சட்டம் இடம் தருகிறது. அதனால் பல வண்டிகளுக்குக் காப்பீட்டு நிறுவனமே இருக்காது, கழகமே நேரடி எதிர்மனுதாரர். "இன்சூரன்ஸ் இல்லையாமே, யார் தருவார்கள்" என்று யாராவது பயமுறுத்தினால் காதில் வாங்காதீர்கள்.

காலக்கெடுதான் எனக்குக் கவலை. 2019 திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபிறகு, விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று இருக்கிறது. முன்பு பல வருடம் கழித்துக்கூடப் போடலாம், அந்த நினைப்பிலேயே இன்னும் பலர் இருக்கிறார்கள். இந்தக் கெடுவை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போயிருக்கிறது. ஆகவே 6 மாதம் தாண்டியவர்கள் எல்லாம் போச்சு என்று தாங்களாகவே முடிவு செய்ய வேண்டாம். ஆனால் உங்களுக்கு இன்னும் 5 மாதம் இருக்கிறது. அம்மா எழுந்து நடக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்து போலீஸ். எஃப்.ஐ.ஆர். இல்லாவிட்டால் மனுவே கிடையாது என்பதில்லை, தாமதமாகப் போட்டாலும் அது ஒன்றை மட்டும் வைத்து மனுவைத் தள்ளக் கூடாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உடம்பு உடைந்து கிடப்பவரை முதலில் ஸ்டேஷனுக்கு ஓடச் சொல்வது மனித இயல்புக்கு ஒவ்வாதது என்பதுதான் அதன் சாரம். ஆனாலும் இப்போதே புகார் கொடுங்கள், "இத்தனை நாள் சிகிச்சையில் இருந்தார்" என்று தாமதத்துக்கான காரணத்தையும் அதிலேயே எழுதுங்கள். வாங்க மறுத்தால் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 173இல் இந்த வழி இருக்கிறது. வழக்குப் பதிவானால் விபத்து அறிக்கையை 3 மாதத்துக்குள் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவதும் போலீஸின் வேலை.

நிரூபிக்கும் அளவு பற்றிப் பயப்பட வேண்டாம். கொலை வழக்கு மாதிரி சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியதில்லை. இப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். இமாச்சலப் பிரதேசப் போக்குவரத்துக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. டிக்கெட், அன்றைக்கே சேர்ந்த மருத்துவமனைப் பதிவு, கைத்தாங்கலாக இறக்கிய இரண்டு பெண்களில் ஒருவரின் சாட்சி. இது வலுவான வழக்கு.

டிஸ்சார்ஜ் சம்மரியைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். கழகத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் எடுக்கும் முதல் காகிதம் அதுதான். "பேருந்து என்று எழுதவே இல்லையே, வீட்டில் வழுக்கி விழுந்தவர்தானே?" என்று ஆரம்பிப்பார். சேர்த்த அன்று எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலையும் (ஏ.ஆர். காப்பி என்று கேளுங்கள்), கேஸ் ஷீட் முழு நகலையும் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பெரும்பாலும் அதில் எங்காவது ஒரு வரியில் பேருந்து இருக்கும். இல்லாவிட்டால் நடந்ததை எழுதிக் கொடுத்து, அதைப் பதிவுசெய்யும்படி மருத்துவமனையில் மனுக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். அம்மாவை ஏற்றிவந்த ஆட்டோக்காரரைத் தேடிப் பிடியுங்கள்.

தையல்காரர் மகள்

படிக்கப் படிக்கக் கண் கலங்கிவிட்டது, மிக்க நன்றி. ஆட்டோக்காரர் எண் அம்மாவின் போனில் இருக்கிறது! மருத்துவமனையிலிருந்து என்னை அழைத்ததே அவர்தான். எவ்வளவு கேட்கலாம் என்று ஒரு தோராயம் சொல்ல முடியுமா? வருமானத்துக்குத்தான் எந்தச் சான்றும் இல்லை. வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லை.

பதில் 3 – கறுப்புக்கோட்டு

கடைசியில் கேட்டதற்கு முதலில் சொல்கிறேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. அம்மா பெயரில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு விண்ணப்பம் கொடுங்கள், வழக்கறிஞரை அவர்களே நியமிப்பார்கள்.

தொகைக்கு இரண்டு வழி இருக்கிறது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பிரிவு 164இன்படி யார் தவறு என்று நிரூபிக்காமலே கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம். எலும்பு முறிவு சட்டப்படி கொடுங்காயம்தான், ஆகவே அம்மாவுக்கு இது பொருந்தும். ஆனால் அந்தத் தொகையை, பிரிவு 149இல் உள்ள நடைமுறைப்படி ஏற்றுக்கொண்டுவிட்டால், 166இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். ஆகவே முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2010இல் வந்த ராஜ்குமார் வழக்குத் தீர்ப்புதான் காயம் பட்டவர்களுக்கு அடிப்படை. உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம் என்பதோடு நின்றுவிடக் கூடாது, அந்த ஊனம் அவர் செய்யும் தொழிலை எவ்வளவு பாதிக்கிறது என்று பார்க்க வேண்டும் என்கிறது அது. இடது கை போனால் தச்சருக்குப் பிழைப்பே போய்விடும், குமாஸ்தாவுக்கு அப்படியில்லை. அம்மாவுக்கு இது மிக முக்கியம். தையல் என்றால் நாள் முழுக்க முதுகைக் குனிந்து உட்காரும் வேலை, மிதி மிஷின் என்றால் காலும் ஓட வேண்டும். மருத்துவர் சான்றிதழில் 15 சதவீதம் என்று எழுதினாலும் தொழில் இழப்பு அதைவிட அதிகமாக இருக்கலாம்.

ஒரு பேச்சுக்கு 30 சதவீதத் தொழில் இழப்பு என்று வைப்போம். மாதம் 12,000, வருடம் 1,44,000. சுயதொழில் செய்பவருக்கு 50 வயதுக்கு மேல் எதிர்கால வளர்ச்சியாக 10 சதவீதம் சேர்த்தால் 1,58,400. அதில் 30 சதவீதம் 47,520. வருட இழப்பை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது வயதைப் பொறுத்தது, 52 வயதுக்கு அந்தப் பெருக்கல் எண் 11. ஆக 5,22,720 ரூபாய். இது வருமான இழப்புக்கு மட்டும். மருத்துவச் செலவு, படுக்கையில் இருந்த மாதங்களின் வருமானம், பார்த்துக்கொள்பவர் செலவு, ஆட்டோ செலவு, வலிக்கும் வேதனைக்கும் தனித்தனி. மனுப் போட்ட தேதியிலிருந்து வட்டியும் கேட்கலாம்.

10,000 ரூபாய்த் தாளை இப்போது இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ரசீது இல்லாததால் வருமானம் பூஜ்யம் ஆகிவிடாது. வாடிக்கையாளர் இரண்டு பேரைச் சாட்சி சொல்ல வையுங்கள், அளவு நோட்டுப் புத்தகம் இருந்தால் அதைக் கொடுங்கள். எதுவுமே இல்லாவிட்டாலும் தீர்ப்பாயம் நியாயமான ஒரு தொகையை வருமானமாக எடுத்துக்கொள்ளும். தங்கள் வீட்டு வேலை மட்டுமே செய்யும் இல்லத்தரசிகளின் உழைப்புக்கே மதிப்புப் போட வேண்டும் என்றுதான் உச்ச நீதிமன்றம் சொல்கிறது.

பதில் 4 – அனுபவப்பட்டவன்

சொல்வதெல்லாம் சரிதான். ஆனால் தீர்ப்பு வாங்கிவிட்டால் மட்டும் பணம் வந்துவிடுமா? என் அண்ணன் வழக்கு நான்கு வருடம் நடந்தது. தீர்ப்பு வந்தும் ஒன்றரை வருடம் கழகம் ஒரு பைசா கட்டவில்லை. கிடைப்பதை வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று இப்போது நினைக்கிறேன். இன்னொன்று, அண்ணன் படிக்கட்டில் நின்றபோது விழுந்தவர், அதற்காகத் தொகையில் குறைத்துவிட்டார்கள். அது நியாயமா?

பதில் 5 – கறுப்புக்கோட்டு

உங்கள் வேதனை புரிகிறது. தாமதம் உண்மைதான், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் பணம் கட்டாவிட்டால் நிறைவேற்று மனுப் போடலாம், நீதிமன்றம் பேருந்தையே ஜப்தி செய்ய உத்தரவிடும். அமீனா (நீதிமன்ற உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) வந்து நிறுத்தத்தில் நிற்கும் வண்டியை நீதிமன்ற வளாகத்துக்குக் கொண்டுபோன செய்திகளைப் படித்திருப்பீர்கள். பிரிவு 174இன்படி மாவட்ட ஆட்சியர் மூலம் நிலவரி பாக்கி மாதிரியும் வசூலிக்கலாம். அண்ணனுக்கு இதில் எதுவும் செய்யவில்லை என்றால் இந்த வாரமே வழக்கறிஞரைப் பாருங்கள்.

படிக்கட்டு விஷயம் வேறு. இடம் இருந்தும் படியில் தொங்கியவருக்குத் தன் பங்குக் கவனக்குறைவு என்று ஒரு பகுதியைக் குறைப்பார்கள். உள்ளே நிற்க இடமே இல்லாமல் ஏற்றியிருந்தாலோ, ஏறும்போதே வண்டியை எடுத்திருந்தாலோ அந்தக் குறைப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். உட்கார்ந்திருந்த பயணிக்கு இந்தக் குறைப்பு பொருந்தாது. இரண்டு வண்டி மோதிய விபத்திலும் பயணிக்குப் பங்குத் தவறு கிடையாது. இரண்டு பேரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம், அவர்களுக்குள் பங்கு பிரிப்பது அவர்கள் பாடு.

பதில் 6 – முன்னாள் நடத்துநர்

பணிமனையில் வாய்மொழியாக இனி எதையும் கேட்க வேண்டாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அந்தத் தேதி, அந்த நேரம், அந்த வழித்தடத்தில் ஓடிய வண்டியின் பதிவு எண், ஓட்டுநர், நடத்துநர் பெயர், அன்றைக்கு விபத்துக் குறிப்பு எழுதினார்களா என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். இன்றைக்குப் போட்டால் மனு எழுதும்போது கையில் இருக்கும்.

தையல்காரர் மகள் (9 நாட்கள் கழித்து)

விசாரித்தவர்களுக்காக எழுதுகிறேன். ஆட்டோக்காரர் ஸ்டேஷனுக்கு வந்து, பேருந்து நிறுத்தத்தில் அம்மாவை ஏற்றியதாக எழுதிக் கொடுத்தார். வழக்குப் பதிவாகிவிட்டது. ஏ.ஆர். காப்பியில் "பேருந்தில் பயணம் செய்தபோது" என்று தெளிவாக இருக்கிறது, சம்மரி எழுதியவர்தான் விட்டுவிட்டார்! சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விண்ணப்பம் கொடுத்துவிட்டேன், வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். கையெழுத்துக் கேட்டவர் மறுபடி வந்தார். அம்மாவே படுக்கையிலிருந்து, "கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம், போய் வாருங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம். பெல்ட், மருந்து பில்லெல்லாம் ஒரிஜினலையே வழக்கறிஞரிடம் கொடுத்துவிடலாமா?

பதில் 7 – கறுப்புக்கோட்டு

ஒரிஜினல்தான் தீர்ப்பாயத்தில் வேண்டும். கொடுப்பதற்கு முன் ஒரு செட் ஜெராக்ஸ் எடுத்து, எத்தனை தாள் கொடுத்தீர்கள் என்று பட்டியல் எழுதி, வாங்கியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடை பில்லும் வெப்பத்தாள்தான், மறந்துவிடாதீர்கள்.