புதுப்பிப்பு: சாரண ஆசிரியருக்கு நன்றிப் பரிசு

ஏற்காடு முகாமுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் சாரண ஆசிரியருக்கு என்ன பரிசு தரலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. "சால்வை வேண்டாம், பிள்ளைங்களுக்கு என்ன தேவைன்னு அவரையே கேளுங்க" என்ற யோசனைதான் பலித்தது. முடிச்சுப் பழகக் கயிறு கேட்டார். பெற்றோர் சேர்ந்து சேலம் செவ்வாய்ப்பேட்டைக் கடைவீதியில் வாங்கினோம்: ஆளுக்கு 3 மீட்டர், 8 மி.மீ. பருமன்.

எதிர்பாராதது: முதலில் வாங்கிய நைலான் கயிறு வழுக்கி, ரீஃப் நாட் (இரண்டு கயிற்று நுனிகளைச் சேர்த்துக் கட்டும் எளிய முடிச்சு) தானாக அவிழ்ந்தது. பருத்திக்கு மாற்றினோம். அதன் நுனி பிரியாதிருக்க நூலால் இறுக்கிச் சுற்ற வேண்டும் (நைலான் நுனியைத் தீயில் காட்டினாலே போதும்). பருத்திக் கயிற்றைக் கூடாரத்துக்குக் கட்டினால் மட்டும் கவனம்: மலைப்பனியில் நனைந்து சுருங்கி, தரையில் அடித்த முளைக்குச்சியையே பிடுங்கிவிடும். படுக்குமுன் சற்றுத் தளர்த்தி விடுங்கள்.