நண்பனுக்குத் தவணையில் கொடுத்த கார்: பாக்கி ஒன்றரை லட்சம், ஆர்சி இன்னும் என் பேரில்

திருமங்கலத்தான்:
2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். கல்லூரியில் கூடப் படித்தவனுக்கு 3,20,000-க்குப் பேசிக் கொடுத்தேன். கையில் ஒரு லட்சம், மிச்சம் மாதம் பத்தாயிரம். எல்லாம் வாய்ப்பேச்சு. "மொய்க்கே நோட்டு போடுற ஊர்ல இதுக்கு ஒரு துண்டுச் சீட்டு கூடவா இல்ல?" என்று வீட்டில் தினமும் அர்ச்சனை.

ஏழு தவணை ஜிபேயில் ஒழுங்காக வந்தது. அப்புறம், "டைமிங் செயின் போச்சு மாப்ள, 38,000 ஆச்சு, அதக் கழிச்சுக்க" என்றான். எப்படிக் கழிப்பது? அவனே ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து, பானட்டைத் திறந்து பார்த்து, ரிங் ரோட்டில் ஓட்டிப் பார்த்து எடுத்த வண்டி. முடியாது என்றதும் தவணை நின்றுவிட்டது. பாக்கி 1,50,000.

கையில் காசில்லை என்றால்கூடப் பொறுக்கலாம். ஃபாஸ்டேக் என் கணக்கில் இருப்பதால் டோல் மெசேஜ் எல்லாம் எனக்குத்தான் வருகிறது. போன வெள்ளி ராத்திரி சிட்டம்பட்டி, பூதக்குடி, சமயபுரம் என்று வரிசையாக. துரை குடும்பத்தோடு சென்னைக்குப் போகிறார், டோல் காசு நான் கட்டுகிறேன். திங்கட்கிழமை ஓவர்ஸ்பீடு சலானும் வந்து சேர்ந்தது.

இரண்டாவது சாவி என்னிடம் இருக்கிறது. ஆர்சியும் என் பேர். ராத்திரியோடு ராத்திரியாக வண்டியை எடுத்து வந்துவிட்டால் யார் என்ன கேட்க முடியும்?

வக்கீல் குமாஸ்தா:
முதலில் அந்தச் சாவியை பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். விலை பேசி, முன்பணம் வாங்கி, வண்டியை ஒப்படைத்தாகிவிட்டது. பாக்கிக்காகப் பொருளைப் பிடித்து வைக்கும் உரிமை, பொருள் உங்கள் கையில் இருக்கும் வரைதான். இனி நீங்கள் கேட்கக்கூடியது பணத்தை, வண்டியை அல்ல. ஆர்சி என் பேர்தானே என்று ஸ்டேஷனில் சொல்லிப் பயனில்லை. அடகு வைத்த தன் கைக்கடிகாரத்தையே கடனை அடைக்காமல் எடுத்துவந்தால் திருட்டு என்று சட்டப் புத்தகத்திலேயே உதாரணம் போட்டிருக்கிறார்கள்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் சிவில் வழக்கு. தவணை தவறியதிலிருந்து 3 வருடம் அவகாசம் உண்டு. ஜிபே வரவுகளும் வாட்ஸ்அப் பேச்சும்தான் உங்கள் சாட்சி. "38,000 கழிச்சுக்க" என்று எழுத்தில் அனுப்பியிருந்தால் ரொம்ப நல்லது. பாக்கி இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்ட மாதிரிதான்.

டீசல் டேங்க்:
ஆட்டோ கன்சல்டிங் வைத்திருக்கிறேன். நாங்கள் டெலிவரி நோட்டில் தேதி மட்டுமில்லை, மணி நிமிடமும் போட்டுக் கையெழுத்து வாங்குவோம். சாவி கொடுத்த அரை மணி நேரத்தில் அடிபட்ட வண்டியெல்லாம் பார்த்தாச்சு.

தம்பி, ஆர்சி உங்கள் பேரில் இருப்பதை ஒரு பிடி என்று நினைக்கிறீர்கள். அது உங்கள் கழுத்துக்குத்தான் சுருக்கு. நவீன் குமார் எதிர் விஜய்குமார் என்று 2018-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று இருக்கிறது. வண்டி கைமாறிக் கைமாறி எங்கேயோ போயிருந்தது. ஆனாலும் விபத்து நஷ்ட ஈடு ஆர்சியில் பேர் இருந்தவர் தலையில்தான் விழுந்தது. உங்கள் ஆள் இன்சூரன்ஸ் புதுப்பித்தாரா? அதை இன்றைக்கே பாருங்கள். விற்றவர் 14 நாளுக்குள், வண்டி கைமாறியதை ஆர்டிஓ ஆபீஸுக்குத் தெரிவிக்கும் படிவம் 29 கொடுக்க வேண்டும். அது எப்போதோ தாண்டியிருக்கும். அபராதம் வந்தாலும் கட்டிவிட்டுப் பேரை மாற்றிவிடுங்கள். பணத்துக்குப் பிடி வேண்டுமானால் புரோநோட்டும் செக்கும் வாங்குங்கள்.

தல்லாகுளம் மச்சான்:
எதிர்க்கட்சியாகவும் ஒரு வார்த்தை. அந்த மாடலில் டைமிங் செயின் பெரிய செலவுதான், அவர் பொய் சொல்கிறார் என்று தோன்றவில்லை. பழைய வண்டி வாங்கியவருக்கு 38,000-மும் கழிக்கச் சொல்ல நியாயமில்லை. நட்புக்காக ஏதோ கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். ஃபாஸ்டேகை மட்டும் இன்றே வங்கிக்குப் போன் போட்டு மூடுங்கள். டோலில் கூடுதல் கட்டணம் கட்டினால் தானாகக் கூப்பிடுவார்.

திருமங்கலத்தான்:
மச்சான் வாக்கு பலித்தது. டோலிலிருந்தே கத்தினான். நானும் கத்தினேன். அப்புறம் இன்னொரு வகுப்புத் தோழன் கடையில் வைத்து உட்கார்ந்து பேசினோம். செயின் பில்லைக் காட்டினான். 12,000 கழித்து 1,38,000 என்று முடிவு. இன்சூரன்ஸ் போன மாதமே முடிந்திருக்கிறது, பாவி! இரண்டு பேரும் ஆர்டிஓ ஆபீஸ் போவதாகப் பேச்சு. செக்கில் தேதி போடாமல் தருகிறேன் என்கிறான். வாங்கலாமா?

வக்கீல் குமாஸ்தா:
வேண்டாம். ஒவ்வொரு தவணைக்கும் அந்தந்த மாதத் தேதி போட்டே வாங்குங்கள். தேதியிலிருந்து 3 மாதம்தான் செக் செல்லும். செக் பணமில்லாமல் திரும்பினால் தகவல் வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், அது கிடைத்ததிலிருந்து பணம் கட்ட அவருக்கு 15 நாள் அவகாசம். புரோநோட்டில் ரெவென்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேலேயே கையெழுத்து வாங்குங்கள். இன்சூரன்ஸ் போடும் வரை வண்டி தெருவில் இறங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.