புதுப்பிப்பு: விளையாட்டு உடை பிராண்ட், லோகோ பற்றி ஒரு திருத்தம்

சொந்தமாக விளையாட்டு உடை பிராண்ட் தொடங்குவோருக்கு, ஓட்டத்துக்கான டி-ஷர்ட்டுக்கு 130–150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) பாலியெஸ்டர், லெக்கின்ஸுக்கு 220–280 ஜிஎஸ்எம், அதில் 20 சதவீத அளவுக்கு எலாஸ்டேன் (இழுத்தால் நீளும் நூலிழை) என்று முந்தைய பதிவில் எழுதியிருந்தேன். அதில் மாற்றமில்லை. லோகோ பற்றிச் சொன்னதுதான் போதாது.

அடர் சிவப்பு, கருநீல பாலியெஸ்டரில் வெள்ளை லோகோவை ஒட்டுவதற்காகச் சூட்டு இயந்திரத்தில் 160 டிகிரி செல்சியஸில் அழுத்தினால் துணியின் சாயம் ஆவியாகி லோகோவுக்குள் ஏறும். அழுத்திய அன்று தெரியாது. சில நாளில், பெட்டிக்குள் இருக்கும்போதே, சிவப்புத் துணியில் வெள்ளை இளஞ்சிவப்பாகிவிடும். ஆகவே சாயத் தடுப்பு அடுக்கு உள்ள, 130 டிகிரி அளவிலேயே ஒட்டுகிற டிரான்ஸ்ஃபரை (சூட்டில் துணியில் ஒட்டும் லோகோ அச்சு) கேட்டு வாங்குங்கள். மொத்த ஆர்டருக்கு முன் ஒவ்வொரு நிறத்திலும் 2 மாதிரி அழுத்தி, ஒன்றைச் சூடான இடத்தில் ஒரு வாரம் வையுங்கள், மற்றதை 5 முறை துவையுங்கள். இந்த ஒரு வாரத்தை யாரும் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வெட்டுமுன் துணியை ரோலிலிருந்து பிரித்து 24 மணி நேரம் தளர விடுவதும் அவசியம். இழுவிசையோடு வெட்டினால் தைத்தபின் அளவு குறையும்.

விளம்பரத்தில் ‘வியர்வையை உறிஞ்சும்’ என்று எழுதாதீர்கள். பாலியெஸ்டர் ஈரத்தை வெளிப்புறத்துக்குக் கடத்துகிறது, அங்கே காய்கிறது, அதையே சொல்லுங்கள். துணி மென்மையூட்டி அந்தத் திறனைக் கெடுக்கும் என்பதைப் பராமரிப்பு லேபிளில் சேருங்கள். சைஸ் அட்டவணையில் உடையின் அளவோடு உடலின் அளவும், படத்தில் மாடலின் உயரமும் அணிந்த சைஸும் இருந்தால் திரும்பி வரும் பார்சல் குறையும்.